கங்காணி நடுங்கிட்டான்!

எங்கள் சந்தில் மழை வருமா வராதா என்று தெரிந்துகொள்ள யாரும் கைப்பேசியைப் பார்ப்பதில்லை. என் நாயைப் பார்ப்பார்கள்.

ஈப்போ புந்தோங்கில் கச்சாங் பூத்தே போடுகிற சந்து எங்களுடையது. கடலை, பட்டாணி, பருப்பு, முறுக்கு என்று வறுத்தும் பொரித்தும் பொட்டலம் கட்டி ஊரெல்லாம் விற்கிற வீடுகள். ஊறவைத்த பட்டாணியைப் பெரிய தட்டுகளில் பரப்பி வாசலில் காயவைப்பார்கள். ஈப்போ மழைக்கு அதெல்லாம் அக்கறையா என்ன? மத்தியானம் மண்டையைப் பிளக்கிற வெயில் அடிக்கும். சாயங்காலம் மலைப் பக்கம் இருட்டும். தட்டைத் தூக்கக் குனிவதற்குள் கொட்டித் தீர்த்துவிடும். பட்டாணி மறுபடி ஊறிப்போனால் அன்றைய பாடு அவ்வளவுதான்.

ஆனால் வானத்தில் ஒரு துண்டு மேகம்கூட இல்லாதபோதே என் நாய்க்குத் தெரிந்துவிடும். காது பின்னால் போகும், வால் வயிற்றுக்கடியில் போகும், நாலு காலும் தந்தியடிக்கும். உடனே எதிர்வீட்டு மங்களம் அக்கா சந்து முழுக்கக் கேட்கும்படி கத்துவார்: "கங்காணி நடுங்கிட்டான்! தட்ட எடுங்க!" அத்தனை வீட்டுத் தட்டும் உள்ளே போகும். கொஞ்ச நேரத்தில் இடி இடிக்கும். எல்லாருக்கும் பட்டாணி தப்பித்தது என்று சந்தோஷம். என் கட்டிலுக்கு அடியில் ஒரு உயிர் செத்துச் செத்துப் பிழைப்பது யாருக்குத் தெரியும்?

தோட்டத்தில் ஆட்களை மேய்க்கிற கங்காணியின் பெயரை அவனுக்கு வைத்தது என் கணவர் சுகுமாரன். சுங்கை சிப்புட் பக்கம் அவர் பிறந்த தோட்டம். ரப்பர் மரமெல்லாம் போய் இப்போது செம்பனை. ஆட்கள் குடியிருந்த லயமும் இல்லை, ஆளும் இல்லை, முனியாண்டி கோயில் மட்டும் இருக்கிறது. வருஷத்துக்கு ஒரு தடவை எல்லாரும் வேன் பிடித்துப் போய், உறுமி மேளம் முழங்கக் கிடா வெட்டிப் பூசை போட்டுச் சாப்பிட்டுவிட்டு வருவோம். மூன்று வருஷத்துக்கு முன்னால் போனபோது, இலை போட்டு வரிசையாக உட்கார்ந்திருந்த எங்கள் பின்னால் ஒரு செவலை நாய் தலையை நிமிர்த்திக்கொண்டு நடந்தது. ஒவ்வொருத்தர் முதுகுக்குப் பின்னாலும் நின்று, இலையை எட்டிப் பார்த்து, அடுத்த ஆளிடம் போனது. "பாருடி, தோட்டம் போயும் கங்காணி போகல" என்றார் இவர். எலும்பும் கறியுமாக எல்லாருடைய இலையிலிருந்தும் அதற்குப் போனது. திரும்பும்போது வேனில் ஏறி என் காலடியில் படுத்துக்கொண்டது. இறங்கு என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. இவர் எக்ஸ்பிரஸ் பஸ் ஓட்டுகிறார். பாதி நாள் கே.எல்லில், பாதி நாள் ஜொகூரில். நான் வீட்டிலேயே ரவிக்கை தைக்கிறேன். வீட்டில் நானும் தையல் மெஷினும் கங்காணியும்தான். நான் வாயை மூடிக்கொண்டு வேலை செய்கிற ஆள் இல்லை, யாரையாவது திட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அதை முழுசாகக் கேட்கிற ஒரே ஜீவன் அவன். அதனால் சொல்கிறேன், அவன் இல்லாத வீட்டை என்னால் நினைத்துக்கூடப் பார்க்க முடியாது.

அவனுக்குத்தான் ஆபத்து வந்தது. தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கும்போது ஒருநாள் இடித்த இடியில், கங்காணி ஜன்னல் கொசுவலையைக் கிழித்துக்கொண்டு வெளியே பாய்ந்து, சந்தைத் தாண்டிப் பெரிய ரோட்டுக்கே ஓடிவிட்டான். ஒரு பஸ் பிரேக் போட்டு நின்றது. பின்னால் வந்த மோட்டார் சைக்கிள்காரர் விழுந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டார். அன்று ராத்திரி இவர் சோற்றைப் பிசைந்தபடியே சொன்னார்.

"இன்னொரு தடவ அவன் ரோட்டுக்கு ஓடுனா, பாகான் டத்தோல எங்கண்ணங்கிட்ட கொண்டுபோய் விட்ருவேன்."

"எங்க? அந்த தென்னந்தோப்புக்கா? மரத்து உச்சியில பொழுதன்னைக்கும் இடி விழுற ஊருக்கா இடிக்குப் பயந்தவன அனுப்புவீங்க? மூள இருக்கா உங்களுக்கு?"

"அங்க பஸ் இல்ல, சரளா. நான் பஸ் ஓட்டுறவன். டயருக்கு முன்னால நாய் வந்தா என்னா ஆகும்னு எனக்குத் தெரியும். அங்க நடுங்குனாலும் உசுரோட இருப்பான்."

அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன். மெதுவாகச் சொன்னதால்தான் பயமாக இருந்தது.

நான் சும்மா இருந்தேன் என்று நினைக்காதீர்கள். கோயிலில் மந்திரித்த கறுப்புக் கயிறு கட்டினேன். எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டேன். இதையெல்லாம்விட முக்கியமாக, எங்களிடம் ஒரு பழக்கம் உண்டு. இடி இடித்தால் "அர்ச்சுனா, அர்ச்சுனா" என்று சொல்ல வேண்டும். இடி இந்திரனுடைய ஆயுதம், அர்ச்சுனன் இந்திரன் பெற்ற பிள்ளை. பிள்ளை பெயரைக் கேட்டால் அப்பன் அந்தப் பக்கம் வீசமாட்டான் என்பது கணக்கு. எனக்கும் இடி என்றால் கொஞ்சம் உதறல்தான். அதனால் ஒவ்வொரு இடிக்கும் கங்காணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, அவன் காதுக்குள்ளேயே "அர்ச்சுனா! அர்ச்சுனா!" என்று அலறுவேன். மூன்று வருஷமாக ஒரு இடியையும் விட்டதில்லை.

அதன் பலனைப் பிறகு பார்த்தேன்.

ஒரு புதன்கிழமை. வெயில் என்றால் வெயில், செருப்பு ரோட்டில் ஒட்டிக்கொள்கிற வெயில். கேஸ் லாரி, நாங்கள் தோங் என்கிற சிலிண்டர்களோடு சந்துக்குள் நுழைந்தது, யாரோ அதன் ஆளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். வாசலில் படுத்திருந்த கங்காணி திடீரென்று எழுந்து, வாலைச் சுருட்டி, தந்தியடிக்க ஆரம்பித்தான். மங்களம் அக்கா குரல் கொடுத்தார். சந்து முழுக்க ஓட்டமும் சாட்டமுமாகத் தட்டுகள் உள்ளே போயின. எல்லாரும் வாசலில் நின்று வானத்தைப் பார்த்தார்கள். வானம் வெள்ளை வெளேரென்று இருந்தது. ஒரு சொட்டு விழவில்லை. நல்ல வெயில் வீணாய்ப் போனது.

மங்களம் அக்கா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வந்து நின்றார்.

"என்னாடி சரளா, ஒன் நாய்க்குப் பைத்தியமா? எம் பட்டாணியெல்லாம் உள்ள புழுங்கிக்கிட்டு கெடக்கு!"

"எங்கிட்ட ஏங்க்கா கேக்குறீங்க? அவன் என்னா கவர்மெண்ட்டு சம்பளம் வாங்கிக்கிட்டா மழ சொல்றான்?"

"வாய்க்கு மட்டும் கொறச்சலில்ல. அவன என்னான்னு பாரு லா மொதல்ல."

சண்டை சூடு பிடிக்கிற நேரத்தில் கேஸ் லாரி திரும்பி வந்தது. பழைய ஆள் வேலையை விட்டுவிட்டதால் அன்றைக்குத்தான் ஒரு புது ஆள் வந்திருந்தார், உள்ளே போகும்போதே பெயரைச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அக்கா என்னை விட்டுவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக் கத்தினார்: "தம்பி அர்ச்சுனா! காலித் தோங் பின்னால இருக்கு, எடுத்துக்கப்பா!"

கங்காணி என் இரண்டு காலுக்கும் நடுவில் புகுந்து முனக ஆரம்பித்தான்.

நானும் அக்காவும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். அக்கா சந்தேகத்தோடு குனிந்து, அவன் முகத்துக்கு நேராக, மெதுவாக, "அர்ச்சுனா" என்றார். அவன் கட்டிலுக்கடியில் போய் விழுந்தான்.

"அடிப் பாவி" என்றார் அக்கா. "சாமி பேர சொல்லியா நாயக் கெடுத்து வெச்ச?"

கேஸ்கார அர்ச்சுனன் வாசலில் காலித் தோங்கோடு நின்றபடி, "ஏங்க்கா, என்னையக் கண்டு ஏன் பயப்புடுறான்? நான் ஒண்ணுமே செய்யலையே" என்றார் பாவமாக. நல்ல உயரம், மீசை, தோளில் தோங். அந்த முகத்தில் அவ்வளவு வருத்தத்தை நான் எதிர்பார்க்கவில்லை. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

மறுநாளே கங்காணியை மிருக டாக்டரிடம் கூட்டிப்போனேன். டாக்டர் கிருஷாந்தி யாழ்ப்பாணத்து வழி வந்தவர். சின்ன வயசு, நிதானமான பேச்சு. கங்காணியை "இவர்" என்றுதான் சொன்னார். அதுவரை அந்த மரியாதையை நான் என் கணவருக்கு மட்டும்தான் வைத்திருந்தேன்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"ஓம், இவர் நல்ல கெட்டிக்காரர். அந்தப் பேர் வந்தா பின்னால பெரிய சத்தம் வருமெண்டு படிச்சு வெச்சிருக்கிறார். நீங்க கட்டிப்பிடிக்கிறதில ஒரு பிழையும் இல்ல, அது நல்லது. அந்தப் பேரை மட்டும் நிப்பாட்டுங்க."

"பேர நிறுத்திட்டா சரியாயிருமா டாக்டர்?"

"இல்ல. இடிப் பயம் அப்பிடியேதான் இருக்கும். பயத்தை அதட்டி விரட்டேலாது. ஒளிஞ்சிருக்க இருட்டா ஒரு இடம் செஞ்சு குடுங்க. இடிச்சத்தத்தைக் கைப்பேசியில மெல்லமா வெச்சு, கூடவே பிடிச்ச சாப்பாடு குடுங்க. இடி வந்தா நல்லது ஒண்டு வருமெண்டு இவர் நம்போணும். இவருக்கு ரொம்பப் பிடிச்ச சத்தம் எதுவும் இருக்கா?"

"உறுமி மேளம், டாக்டர். எங்க சந்து முனையில கொட்டகையில ஞாயித்துக்கெழம சாயந்தரம் பசங்க அடிச்சுப் பழகுவாங்க. மொத ஆளா போயி முன்னால ஒக்காந்துக்குவான். கடைசி வரைக்கும் இருந்துட்டு, தலையத் தொங்கப் போட்டுக்கிட்டு வருவான். பெரிய ரசிகன்."

டாக்டர் புருவத்தைத் தூக்கினார். "இடிக்குப் பயப்பிடுறவர் உறுமிக்குப் பயப்பிடாமல் இருக்கிறாரா? அது ஏனெண்டு யோசிச்சுப் பாருங்க."

நான் யோசிக்கவில்லை. ரசிகனுக்கு ரசனைதான் காரணம் என்று விட்டுவிட்டேன். ரொம்ப மோசமான நாட்களுக்கென்று மாத்திரையும் எழுதிக் கொடுத்தார்.

தையல் மேசையைச் சுற்றிப் பழைய போர்வையைத் தொங்கவிட்டு, உள்ளே மிச்ச ரவிக்கைத் துணியெல்லாம் போட்டு மெத்தை மாதிரி ஆக்கினேன். பட்டுத் துண்டு, ஜரிகைத் துண்டு, எல்லாம் இருந்தது. மாப்பிள்ளை வீட்டார்கூட அப்படிப் படுத்திருக்க மாட்டார்கள். கைப்பேசியில் இடியை வைத்தேன். அவன் வந்து கைப்பேசியை முகர்ந்தான், பிஸ்கட்டைத் தின்றான், அதன் மேலேயே தலையை வைத்துத் தூங்கினான். பொய் இடியில் அவன் முதல் வகுப்பில் தேறிவிட்டான். நிஜ இடி வந்ததும் படித்ததெல்லாம் போச்சு. முன்பு கட்டிலுக்கடியில் நடுங்கினவன் இப்போது பட்டு மெத்தையில் நடுங்கினான், அவ்வளவுதான் முன்னேற்றம். பிஸ்கட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

தீபாவளிக்கு முந்தின ஞாயிறு. என் மேசை மேல் ரவிக்கைகள் மலையாகக் கிடந்தன. இவருக்கு அன்று லீவு. பிரட்டலுக்கு ஆட்டுக்கறியை மஞ்சளும் உப்பும் போட்டு வேகவைத்து இறக்கியிருந்தேன். கங்காணி நடுங்க ஆரம்பித்தபோது நான் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தேன். மங்களம் அக்கா முறுக்கு எண்ணெய்க்கு முன்னால் நின்றதால் அன்றைக்கு அவரும் கவனிக்கவில்லை. திடீரென்று காற்று அடித்தது. அக்கா அலறிக்கொண்டு ஓடி, தட்டுகளை எடுக்க நேரமில்லாமல் பெரிய நீலக் கான்வாஸை இழுத்து அவற்றின் மேல் போட்டார். இவர் வெளியே நின்ற மோட்டார் சைக்கிளை உள்ளே தள்ள கேட்டைத் திறந்தார்.

அந்த நேரம் பார்த்துத்தானா அப்படி ஒரு இடி இடிக்க வேண்டும்! ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. கங்காணி என் காலைத் தாண்டி, இவர் காலைத் தாண்டி, திறந்த கேட் வழியாகப் பறந்தான்.

"கங்காணி!" என்று நான் கத்தியது அடுத்த இடியில் எனக்கே கேட்கவில்லை.

மழை ஊற்றியது. நானும் இவரும் ரோட்டுக்கு ஓடினோம். அங்கே அவன் இல்லை. அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் மங்களம் அக்கா பின்னாலிருந்து கத்தினார்: "சரளா! லொங்காங்குல எறங்கிட்டான்டி! குழாக்குள்ள பூந்துட்டான்!"

சந்தை ஒட்டிப் போகிற பெரிய வடிகாலைத்தான் லொங்காங் என்கிறோம். ரோட்டுக்கு அடியில் அது ஒரு சிமெண்டுக் குழாய்க்குள் போகும். வெயில் காலத்தில் கணுக்கால் தண்ணீர்கூட இருக்காது. மழை பிடித்தால் மரக்கட்டையையும் அடித்துக்கொண்டு போகும். இவர் சட்டென்று உள்ளே இறங்கினார். தண்ணீர் அதற்குள் அவர் முட்டியைத் தொட்டிருந்தது. குழாய்க்குள் குனிந்து டார்ச் அடித்தார். உள்ளே ஒரு திட்டின் மேல் இரண்டு கண்கள் தெரிந்தன.

"டேய், வாடா! வாடா ராஜா!" என்று கூப்பிட்டார். ராஜா என்று அவர் அவனைக் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை. கையை நீட்டினார், எட்டவில்லை. தோள் குழாய்க்குள் நுழையவில்லை. அவர் நெருங்க நெருங்கக் கங்காணி இன்னும் உள்ளே போனான். அந்தப் பக்கத்து வாய் குப்பை அடைத்துக் கிடந்தது. தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.

"நாந்தான் சரளா கேட்டத் தொறந்தேன்" என்றார். "நாந்தான் தொறந்தேன்."

"இப்ப அதுவா முக்கியம்? கூப்புடுங்க!"

பக்கத்தில் எங்கேயோ இடி விழுந்தது. என் வாய் தானாகத் திறந்து "அர்ச்..." என்றது. கையால் வாயைப் பொத்திக்கொண்டேன். அந்தப் பெயரை முழுசாகச் சொல்லியிருந்தால் அவன் குழாயின் அந்தக் கோடிக்கே போயிருப்பான். வாயைப் பொத்தியபடி நடுரோட்டில் நின்று அழுதேன்.

அப்போது சந்து முனைக் கொட்டகையிலிருந்து ஒரு சத்தம். மேளக்காரப் பசங்கள் மழைக்காக எல்லாவற்றையும் கட்டி வைத்துக்கொண்டிருந்தார்கள் போலிருக்கிறது. யாரோ ஒருத்தன் உறுமியில் கடைசியாக ஒரே ஒரு இழுப்பு இழுத்தான். "உம்ம்ம்" என்று அது உறுமியது.

"சரளா! காதத் தூக்குறான்!" என்றார் இவர் குழாய்க்குள் பார்த்தபடி.

எனக்கு அந்த நிமிஷம் எல்லாம் விளங்கியது. ரசிகனாம், ரசிகன்! இவன் எந்தக் காலத்தில் மேளத்தை ரசித்தான்? முனியாண்டி கோயிலில் உறுமி அடித்து முடித்ததும் இவனுக்கு வயிறு முட்டக் கறி கிடைத்தது. மூன்று வருஷமாக ஒவ்வொரு ஞாயிறும் கொட்டகைக்குப் போய் உட்கார்ந்தது கறிக்காக. தலையைத் தொங்கப்போட்டுத் திரும்பி வந்தது கறி வராததால். பெரிய சத்தத்துக்குப் பின்னால் நல்லது வரும் என்று இவனுக்கு ஏற்கெனவே யாரோ கற்றுக்கொடுத்திருக்கிறார்கள், நான்தான் பார்க்கவில்லை.

கொட்டகைக்கு ஓடினேன். மேளக் குழுவின் தலைவன் தனேஷ் உறுமிக்கு உறை மாட்டிக்கொண்டிருந்தான்.

"தனேஷ், மேளத்த எடுத்துக்கிட்டு லொங்காங்குக்கு வா! வந்து அடி!"

"அக்கா, வெளயாடுறீங்களா? தோலு நனைஞ்சா அவ்ளோதான். தீவாளிக்கு மறுநாளு கோயில் வேல இருக்கு."

"கங்காணி குழாக்குள்ள கெடக்கான்டா. தண்ணி ஏறுது. உறுமி கேட்டாத்தான் வருவான்."

தனேஷ் ஒரு நொடி உறுமியைப் பார்த்தான், ஒரு நொடி மழையைப் பார்த்தான். "நனையாம மேல எதாச்சும் புடிச்சா வாரேங்க்கா" என்றான்.

எதைப் பிடிப்பது? சந்தில் அவ்வளவு பெரிய துணி ஒன்றுதான் இருந்தது. மங்களம் அக்காவின் பட்டாணி மேல் கிடந்த நீலக் கான்வாஸ். தீபாவளி வியாபாரத்துக்கென்று காயவைத்த பட்டாணி அத்தனையும் அதற்கடியில். எனக்குக் கேட்க வாய் வரவில்லை. நானும் அக்காவும் வாரத்துக்கு இரண்டு சண்டை போடுகிறவர்கள்.

கேட்க வேண்டியிருக்கவில்லை. அக்கா ஓடிப்போய் கான்வாஸை ஒரே இழுப்பில் உருவினார். மழை பட்டாணி மேல் சடசடவென்று கொட்டியது.

"அக்கா, பட்டாணி!"

"ஊறித் தொலையட்டும் விடு! அவன் போயிட்டா எனக்கு எவன்டி மழ சொல்லுவான்? புடிடி அந்த முனைய!"

நாலு பேர் நாலு முனையைப் பிடித்தோம். லொங்காங் ஓரத்தில், நீலக் கூரைக்கடியில், தனேஷ் உறுமியை இழுத்தான். பம்பைக்காரன் சேர்ந்தான். ஜால்ரா சேர்ந்தது. மேலே வானம் இடித்தது, கீழே இவர்கள் இடித்தார்கள். எது இடி, எது மேளம் என்று தெரியாதபடி அதிர்ந்தது சந்து. வீட்டுக்கு வீடு ஆட்கள் வாசலில் வந்து நின்று, எங்களுக்குத்தான் பைத்தியம் பிடித்துவிட்டது என்று பார்த்தார்கள்.

"வாரான்!" என்றார் இவர்.

குழாய் வாயில் ஒரு மூக்கு தெரிந்தது. பிறகு தலை. அந்த நேரம் பளீரென்று மின்னி இன்னொரு இடி இடித்தது. தலை பின்னால் போனது. "நிறுத்தாதடா தனேஷ்! அடி! அடிடா!" என்று கத்தினேன். தனேஷ் வேகத்தைக் கூட்டினான். தலை மறுபடி வந்தது, கழுத்து வந்தது, தண்ணீரில் இறங்கினான். இவர் பாய்ந்து அவனைக் கழுத்தோடு அணைத்துத் தூக்கி மேலே போட்டார்.

நான் கான்வாஸை விட்டுவிட்டு ஓடினேன். அந்தப் பயல் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உடம்பை ஒரு உதறு உதறிவிட்டு நேராகத் தனேஷுக்கு முன்னால் போய் உட்கார்ந்தான். நாக்கு வெளியே, எச்சில் கீழே. தனேஷுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான், பம்பைக்காரனுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான்.

"என்னாடி தேடுறான்?" என்றார் அக்கா.

"கறிக்கா! கறி! இன்னிக்கும் கறி இல்லன்னா இனிமே உறுமியையும் நம்ப மாட்டான். அடிச்சிக்கிட்டே இருங்கடா, இதோ வந்துட்டேன்!"

பிரட்டலுக்கு வைத்திருந்த கறியைச் சட்டியோடு தூக்கிக்கொண்டு வந்தேன். நல்லவேளை, வெங்காயமும் மசாலாவும் அதுவரை போடவில்லை. ஒரு துண்டை முன்னால் வைத்தேன். இடி இடித்தது. காதைப் பின்னால் மடித்தான், உடம்பு நடுங்கியது. ஆனால் குனிந்து தின்றான். அடுத்த துண்டு. அடுத்த இடி. தின்றான். மூன்று வருஷத்தில் முதல் தடவையாக இடி இடிக்கும்போது அவன் வாய் எதையாவது மென்றது. நான் அவன் ஈரக் கழுத்தைக் கட்டிக்கொண்டு, எந்தச் சாமி பெயரையும் சொல்லாமல், ஓவென்று அழுதேன். இவர் பக்கத்தில் நனைந்து நின்றுகொண்டு சட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"எனக்கு?" என்றார்.

"ரசம் இருக்கு" என்றேன்.

அன்றிலிருந்து இடி பயம் போய்விட்டது என்று சொன்னால் அது புளுகு. டாக்டர் கிருஷாந்தி கதையைக் கேட்டு மேசையைத் தட்டிச் சிரித்தார். பிறகு முகத்தை மாற்றிக்கொண்டு, துண்டு சின்னதாக இருக்கோணும், வெறும் தண்ணீரில் வேகவைத்ததாக இருக்கோணும், ரொம்ப மோசமான நாளில் மாத்திரையை மறக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். தனேஷின் மேளத்தைக் கைப்பேசியில் பதிவு செய்துகொண்டோம். வானம் இருட்டினால் மெல்லமாக உறுமி. தையல் மேசைக்கடியில் ஒரு துண்டு கறி. தீபாவளி வெடியை மாத்திரையும் உறுமியுமாகச் சேர்ந்து ஒருவழியாகக் கடந்தோம். சில நாள் தின்றான், சில நாள் நடுக்கம் ஜெயித்தது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அந்தப் பேயைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கறி போட்டு விரட்ட வேண்டியிருந்தது. மங்களம் அக்காவுக்கு அந்த ஊறின பட்டாணிக்குப் பதிலாகத் தீபாவளிக்கு ரவிக்கை தைத்துக் கொடுத்தேன். கை இறுக்கமாக இருக்கிறது என்று அதற்கும் ஒரு சண்டை போட்டார்.

தைப்பூசமெல்லாம் முடிந்த பிறகு பாகான் டத்தோவிலிருந்து இவருடைய அண்ணன் சதாசிவம் போன் போட்டார். நாயை எப்போது கொண்டுவருகிறாய், கூண்டெல்லாம் தயார் என்றார். இவர் மூஞ்சியைப் பார்க்க வேண்டுமே!

"எந்த நாய? எங்க கங்காணியவா? ஏண்ணே, ஒங்களுக்கு வேற வேல இல்லையா? அங்க தென்னமரத்துல எல்லாம் இடி விழும்ணே!"

நான் தைத்துக்கொண்டே இருந்தேன். சிரித்ததில் தையல்தான் கோணலாகப் போனது.

இப்போதும் மழைக்கு முன்னால் அவனுக்குத் தெரிந்துவிடுகிறது. ஆனால் நடுங்குவதில்லை. எழுந்து, தலையை நிமிர்த்திக்கொண்டு, பழைய கங்காணி நடையில் உள்ளே போய்த் தையல் மேசைக்கடியில் உட்கார்ந்து எச்சில் ஊற்றுகிறான். மங்களம் அக்கா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுச் சந்துக்குச் சொல்கிறார்: "கங்காணி எச்சி ஊத்திட்டான்! தட்ட எடுங்க!"

போன வாரம் ஒரு சாயங்காலம், வீட்டுக் கூரையிலேயே விழுந்த மாதிரி ஒரு இடி இடித்தது. பழக்க தோஷம், என் வாயிலிருந்து "அர்ச்சுனா!" என்று முழுசாக வந்துவிட்டது. போச்சு, எல்லாம் போச்சு என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கீழே குனிந்தேன். கங்காணி போர்வைக்கு வெளியே தலையை நீட்டினான். என் முகத்தைப் பார்த்தான். பிறகு என் கையைப் பார்த்தான், துண்டு எங்கே என்று. வால் மெஷின் காலில் டக் டக்கென்று அடித்தது.

மறுநாள் கேஸ் லாரி வந்தது. "தம்பி அர்ச்சுனா, எனக்கும் ஒரு தோங்!" என்று மங்களம் அக்கா கூப்பிட்டதுதான் தாமதம், கங்காணி வாசலுக்கு ஓடி, அர்ச்சுனன் முன்னால் உட்கார்ந்து, அவர் முகத்தையே பார்த்து வாலை ஆட்டினான். அந்த ஆள் தோளிலிருந்த தோங்கை மெல்ல இறக்கி வைத்தார். மீசைக்கடியில் பல்லெல்லாம் தெரிந்தது.

"அக்கா, பாருங்களேன்! மொதல்ல என்னையக் கண்டா ஓடுவான். எனக்கு எவ்ளோ மனக் கஷ்டமா இருந்துச்சு தெரியுமா? இப்ப பாருங்க, எம்மேல என்னா பாசம்!"

இவர் உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தார். நான் ஒரு முறை முறைத்தேன், மூடிக்கொண்டார். உள்ளே போய் ஒரு துண்டு கறி எடுத்துக்கொண்டு வந்து அர்ச்சுனன் கையில் வைத்தேன்.

"நீயே குடு தம்பி" என்றேன். "ஒன் கையால குடுத்தா அவனுக்கு ரொம்பப் புடிக்கும்."